கேள்வி எண் பதினொன்று

ஹைதராபாத்
9 ஜூலை 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஷைலு எழுதுவது. நான் இங்கே சுகம். அங்கே உனக்கும் அம்மாவுக்கும் சுகம்தானே?

ஃபோன் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் கடிதம், பைத்தியம் பிடித்துவிட்டதா என்று நினைப்பாய். ஃபோனில் நீ பேசுவது மூன்றே வார்த்தை. "சுகம். சாப்பிட்டாச்சு. வெச்சிரட்டா?" இதை வைத்துக்கொண்டு ஒரு பிஎச்.டி. எழுத முடியாது அண்ணா.

என் ஆய்வின் நான்காம் அத்தியாயம் நம் ஊர்ச் சாலைக் கடைவீதியில் மூட்டை தூக்கும் சுமட்டுத் தொழிலாளிகளைப் பற்றியது. மார்க்சிய வர்க்கப் பகுப்பாய்வு இன்றைக்கு எதற்கு ஆகும் என்று கேட்பவர்கள் இங்கே நிறைய. எல்லாரும் ஆப்பில் வேலை பார்க்கிற காலம், தொழிலாளி என்று தனியாக யார் இருக்கிறார் என்கிறார்கள். எனக்குப் பதில் நம் வீட்டிலேயே இருக்கிறது. அப்பாவுக்கு நிலம் இல்லை, கடை இல்லை. தோள் இருந்தது. அந்தத் தோளின் உழைப்புச் சக்தியை நாள்தோறும் விற்றார். அவருக்குப் பிறகு அதே கார்டில் நீ விற்கிறாய். இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்கு எங்கே கிடைக்கும்?

தொழிலாளியைப் பற்றி மற்றவர்கள் எழுதியதுதான் மலைபோலக் கிடக்கிறது, தொழிலாளியே எழுதியது எங்கே என்று என் கைடு கேட்டார். என் அண்ணன் எழுதுவான் என்று சொல்லிவிட்டேன். சாலைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியவன்தானே நீ. முப்பது கேள்விகள் இத்துடன் இருக்கின்றன. எந்த வரிசையிலும் எழுது. எதையும் விட்டுவிடாதே.

உதவித்தொகை பிப்ரவரியோடு நின்றுபோனது உனக்குத் தெரியும். நீ மாதாமாதம் அனுப்புவதில்தான் மெஸ் ஓடுகிறது. மார்ச்சில் ஆய்வேட்டைக் கொடுத்தே ஆகவேண்டும். கொடுத்துவிட்டால் எங்காவது வேலை கிடைக்கும், அப்புறம் நீ கொஞ்சம் மூச்சுவிடலாம்.

அம்மாவுக்கு முத்தம்.

உன் தங்கை,
ஷைலஜா

•

திருவனந்தபுரம்
28 ஜூலை 2024

தங்கை ஷைலுவுக்கு அண்ணன் ரெஜி எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே எல்லாருக்கும் சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிட்டுப் படிக்க ஜெபிக்கிறோம்.

உன் கேள்வித்தாளைப் பார்த்து அம்மா, "எந்தா இது, கோர்ட்டு சம்மனா?" என்று கேட்டாள். ஆமாம், மகள் அனுப்பின சம்மன் என்றேன்.

ஒன்று முதல் ஐந்து வரை சேர்த்து எழுதுகிறேன். கார்டு என்பது உள்ளங்கைக்குள் அடங்குகிற அட்டை. அது இருந்தால் நீ குரூப்பில் ஒரு ஆள். இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய பயில்வான் வந்தாலும் சாலையில் ஒரு மூட்டையைத் தொட முடியாது. குரூப் என்பது எங்கள் இருபத்திரண்டு பேர் கூட்டம். லாரி வந்தால் முறை வைத்து இறக்குவது, சாயங்காலம் சமமாகப் பிரிப்பது. ஒருவருக்கு முடியாமல் போனால் கார்டு மகனுக்கு, மகன் இல்லாவிட்டால் மருமகனுக்கு. கல்யாணப் பேச்சில் பெண்வீட்டார் பையனின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கார்டைப் பார்ப்பார்கள். அப்பாவுக்குக் குடல் இறங்கினபோது நீ பத்தாம் கிளாஸ், எனக்கு இருபது வயது. "இவளுக்குப் படிப்பு, உனக்குக் கார்டு" என்று அப்பா சொன்னது உனக்கும் நினைவிருக்கும்.

ஏழாவது கேள்வி, நோக்குகூலி. இப்போது சட்டப்படி இல்லை. ஆனால் வாங்கியிருக்கிறேன், மறைக்கவில்லை. ஒரு வீட்டுக்காரர் புதுக் கட்டிலை வண்டியிலிருந்து தானே இறக்கினார். நாங்கள் ஆறு பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தோம். பார்த்ததற்குக் கூலி வாங்கினோம். வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னேன். அப்பா சோற்றில் தண்ணீர் ஊற்றிவிட்டு எழுந்து போய்விட்டார். தூக்காமல் தின்கிறவன் முதலாளி, நம்ம வீட்டில் முதலாளி வேண்டாம் என்றார். அதற்குப் பிறகு நான் வாங்கினதில்லை.

அம்மா இப்போது தண்ணீர்க் குடத்தைத் தானே எடுக்கிறாள். வயதுக்கு நல்லதாம். சொன்னால் கேட்கமாட்டாள். வீட்டுக்கு ஒரு பலகைக் கட்டில் வாங்கியிருக்கிறேன். வேறு விசேஷம் இல்லை.

தலைக்கு எண்ணெய் வைக்கச் சொன்னாள் அம்மா.

அன்புடன்,
ரெஜி

•

ஹைதராபாத்
19 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். தலைக்கு எண்ணெயும் வைத்துவிட்டேன், அம்மாவிடம் சொல்.

என்ன எழுத்து அண்ணா! கட்டில் கதையை மொழிபெயர்த்துக் காட்டினேன். கைடு இரண்டு தடவை படித்தார். உழைப்பில்லாத வருமானத்தை ஒரு தொழிலாளியின் வீடே எப்படித் தள்ளிவைத்தது என்பதற்கு இதற்கு மேல் என்ன சான்று வேண்டும் என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

உன் கையெழுத்தும் எவ்வளவு அழகாகிவிட்டது! முன்பு நீ என் ஃபாரங்களில் கையெழுத்துப் போட்டால் கோடு நடுங்கும். அப்பா என் ரிப்போர்ட் கார்டில் போட்டதும் அப்படித்தான், டீச்சர் "உன் அப்பா குடிப்பாரா?" என்று கேட்டார். லோடு இறக்கிவிட்டு வந்த கை அப்படித்தான் ஆடும் என்று அந்த டீச்சருக்கு யார் சொல்வது? இப்போது அச்சடித்த மாதிரி எழுதுகிறாய்.

அத்தியாயத்தின் முதுகெலும்பு எனக்குக் கிடைத்துவிட்டது. கார்டு சொத்துதான் என்று சிலர் வாதிடுகிறார்கள். மகனுக்குப் போகிறது, கல்யாணத்தில் மதிப்பு இருக்கிறது, அதனால் கார்டு வைத்திருப்பவன் குட்டி உடைமையாளன் என்கிறார்கள். நான் மறுக்கிறேன். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு நிலக்காரன் தூங்கலாம். கார்டு அப்படியில்லை. தோள் இல்லாமல் கார்டு ஒரு காசு சம்பாதிக்காது. ஆகவே அது சொத்து அல்ல, உழைப்பதற்கான உரிமை. இதை நிரூபித்தால் ஆய்வு உறுதியாக நிற்கும்.

ஒரு குறை. பதினொன்றாவது கேள்வியை விட்டுவிட்டாய். "நேற்று நீங்கள் எத்தனை மூட்டை தூக்கினீர்கள்? உடம்பில் எங்கே வலித்தது?" மொத்தத் தாளிலும் எனக்கு முக்கியமான கேள்வி அதுதான். பொதுவாக எழுதாதே. நேற்று என்ன நடந்தது, அதை எழுது.

அன்புடன்,
ஷைலு

•

திருவனந்தபுரம்
22 செப்டம்பர் 2024

அன்புத் தங்கைக்கு,

கர்த்தர் கிருபையால் சுகம். ஓணத்துக்கு நீ வராததில் அம்மாவுக்கு வருத்தம், எனக்கும்தான். சாலையில் ஓணத் திரக்கும் நெரிசலும் முடிந்து இப்போதுதான் மூச்சு விடுகிறார்கள். பதில் தாமதமானதற்கு அதுதான் காரணம்.

பதினொன்றாவது கேள்வி. நேற்று நாற்பத்தொரு மூட்டை. மிளகாய் லோடு. வேர்வையும் மிளகாய்த் தூசியும் கலந்தால் கழுத்து எரியும். தண்ணீர் ஊற்றினால் இன்னும் கூடும், தேங்காய் எண்ணெய்தான் மருந்து. வலிப்பது தோள் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். தோள் மரத்துப்போய்விடும். வலி இடது குதிகாலில். லாரிப் பலகையில் இறங்கும்போது உடம்புப் பாரம் முழுதும் அங்கேதான் விழும். லாரியிலிருந்து குடோனுக்கு எண்பத்தேழு அடி. அத்தனை அடியும் வாய்க்குள் மூன்று பெயரை மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே நடக்கவேண்டும். அப்படி நடந்தால் கனம் தெரியாது.

போதுமா? இனி வாரம் ஒருமுறை இந்தக் கேள்விக்கு மட்டும் தனிக் காகிதத்தில் எழுதி அனுப்புகிறேன்.

நீ முப்பது கேட்டாய், நான் ஒன்று கேட்கலாமா? ஒருவனுக்குத் தோள் போய்விட்டது என்று வை. கார்டு கையில் இருக்கிறது. அவன் என்ன வர்க்கம்? உங்கள் புத்தகங்களில் அப்படி ஒரு ஆளுக்கு இடம் உண்டா? குரூப்பில் சும்மா பேச்சு வந்தது, அதனால் கேட்கிறேன்.

அம்மா நேந்திரங்காய் உப்பேரி வறுத்துத் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறாள். கூட இருக்கிற பிள்ளைகளுக்கும் கொடு.

அன்புடன்,
ரெஜி

•

ஹைதராபாத்
14 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் பதில் வந்தபோது நான் மெஸ்ஸில் இருந்தேன். குதிகால், மிளகாய், எண்பத்தேழு அடி. சோற்றை வைத்துக்கொண்டு அழுதேன் என்று சொன்னால் சிரிப்பாய். அந்த மூன்று பெயர் யார் யார் என்று நீ எழுதவில்லை. அப்பா, அம்மா, நான் என்று வைத்துக்கொள்கிறேன். சரிதானே? அதன் பிறகு வந்த இரண்டு தனிக் காகிதங்களும் கிடைத்தன. சீனி லோடு அன்றைக்கு முட்டி வீங்கியதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. மருத்துவரைப் பார், சும்மா எண்ணெய் தேய்க்காதே.

உன் கேள்வி நல்ல கேள்வி. புத்தகத்தில் இடம் உண்டு. தோள் போனவன் உழைப்புச் சக்தியை விற்க முடியாதவன். மூலதனம் அவனைச் சக்கையாகத் துப்பிவிட்டது. அவன் வேலையற்றோரின் சேமப்படையில் ஒருவன், இரக்கத்துக்குரியவன். ஆனால் அவன் அந்தக் கார்டை இன்னொருவனுக்குக் கொடுத்து அவன் தூக்குவதில் பங்கு வாங்கினால் கதை மாறிவிடும். அந்த நிமிடமே அவன் வேறு வர்க்கம். அடுத்தவன் உழைப்பின் உபரியைத் தின்பவன். நேற்றுவரை தொழிலாளியாக இருந்தான் என்பதால் அது சுரண்டல் இல்லை என்று ஆகிவிடாது. சொல்லப்போனால் இன்னும் மோசம், ஏனென்றால் மூட்டையின் கனம் அவனுக்குத் தெரியும். அப்பா சொன்னதும் இதைத்தானே?

அப்படி யாராவது சாலையில் உண்டா? இருந்தால் என் வாதம் உடையும். உடைந்தாலும் பரவாயில்லை, உண்மை தெரியவேண்டும். அதற்காகத்தான் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். என்னோடு எம்.ஏ. படித்த அஸ்வதி ஊரில்தான் இருக்கிறாள். தமிழ்நாட்டிலிருந்து வந்து சாலையில் வேலை பார்ப்பவர்களிடம் என் கேள்விகளைக் கேட்டுப் பதிவு செய்து அனுப்புவாள். நீ கொஞ்சம் அவளைக் கூட்டிக்கொண்டு போய் ஆட்களைக் காட்டிக் கொடு.

அன்புடன்,
ஷைலு

•

திருவனந்தபுரம்
2 நவம்பர் 2024

அன்புத் தங்கைக்கு,

சுகம். நீ சுகமா?

அஸ்வதியை அனுப்ப வேண்டாம். சாலையில் இப்போது சூடு ஜாஸ்தி. எலெக்‌ஷன் தகராறு, கார்டு தகராறு எல்லாம் இருக்கிறது. ஒரு பெண் ரிக்கார்டரை நீட்டிக்கொண்டு வந்தால் ஆட்கள் வேறு மாதிரி எடுப்பார்கள். நான் எழுதுவது போதாதா?

உன் அரைப் பக்கப் பதிலைப் படித்தேன். நன்றாகப் புரிந்தது.

முட்டி வீக்கம் வடிந்துவிட்டது. அம்மாவுக்குப் புதுக் கண்ணாடி போட்டாயிற்று.

ரெஜி

•

ஹைதராபாத்
18 ஜனவரி 2025

அண்ணா,

கிறிஸ்துமஸுக்கு நான் ஏன் வரவில்லை, ஃபோனை ஏன் எடுக்கவில்லை என்று அம்மா கேட்டிருப்பாள். அம்மாவுக்குச் சுகம்தானே?

நீ வேண்டாம் என்றும் அஸ்வதி போனாள். நான்தான் அனுப்பினேன். ஏழு பேரிடம் பேசினாள். அதில் ஐந்தாவது ஆள் பேசியதை அப்படியே கீழே எடுத்து எழுதுகிறேன். பெயர் பிச்சைக்கனி, வயது முப்பத்து நான்கு, சங்கரன்கோவில் பக்கம்.

கேள்வி: கார்டு உங்களுடையதா?

"இல்லக்கா. மொதலாளி கார்டு."

கேள்வி: முதலாளி என்றால் கடைக்காரரா?

"கடைக்காரரு இல்ல. அவரும் சுமடு எடுக்குத ஆளுதான். போன பங்குனியில சீனி லோடு எறக்கயில பலகை வழுக்கி விழுந்துட்டாரு. நடுவெலும்பு போச்சு. குனிய முடியாது. வெளிய சொன்னா கார்டு போயிரும்லா? அதான் என்னைய போட்டிருக்காரு. சட்டைகூட அவரு சட்டைதான், தோள்ல கொஞ்சம் தொளதொளன்னு இருக்கும். குரூப்புல எல்லாத்துக்கும் தெரியும், ஒருத்தரும் ஒண்ணும் சொல்லமாட்டாவ. சாயந்தரம் பங்கு வாங்கிட்டுப் போயி அவருகிட்ட குடுப்பேன். அதுல பாதி எனக்கு."

கேள்வி: நேற்று எத்தனை மூட்டை? எங்கே வலித்தது?

"அடடே, இது எனக்குத் தெரிஞ்ச கேள்வியாச்சே! மொதலாளி தெனம் இதத்தான் கேப்பாரு. அவரு தங்கச்சி வடக்க எங்கியோ பெரிய படிப்பு படிக்கி. அது கேட்டு அனுப்புதாம். நான் சொல்லுவேன், அவரு எழுதுவாரு. வலி எடது குதிங்கால்லக்கா. பலகையில எறங்கும்போது பாரம் பூரா அங்கதான் விழும். நடக்கயில பிள்ளைய பேரச் சொல்லிக்கிட்டே நடப்பேன். இசக்கி, மாரிச்செல்வம், முப்பிடாதி. கனம் தெரியாது."

கேள்வி: முதலாளி எப்படிப்பட்டவர்?

"நல்ல மனுசன்க்கா. தங்கச்சி படிப்புக்குன்னுதான் எல்லாம்."

பதிவு இதோடு முடிகிறது. அவர் முதலாளியின் பெயரைச் சொல்லவில்லை. அஸ்வதிக்கும் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும்.

மூன்று பெயரில் நான் இல்லை அண்ணா. மெஸ்ஸில் உட்கார்ந்து நான் அழுதது வேறொருவருடைய குதிகாலுக்கு. உன் எழுத்து ஏன் நடுங்கவில்லை என்று எனக்குப் புரிந்திருக்க வேண்டும். வர்க்கத்தைப் பற்றி ஆறு வருடம் படிக்கிறேன், அண்ணன் முதுகெலும்பு உடைந்து கிடப்பது எனக்குத் தெரியவில்லை.

கோபம் உன்மேலா என்மேலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும்தான்.

ஷைலஜா

•

திருவனந்தபுரம்
23 பிப்ரவரி 2025

அன்புத் தங்கை ஷைலுவுக்கு,

கர்த்தர் உன்னைக் காப்பாராக. அம்மாவுக்குச் சுகம். எனக்கு எப்படி என்பது இனி உனக்குத் தெரியும். உட்காரலாம், மெதுவாக நடக்கலாம். குனியவும் தூக்கவும் கூடாது. அதனால்தான் பலகைக் கட்டில்.

ஒரு மாதமாக எழுதி எழுதிக் கிழித்தேன். கடைசியில் நடந்ததை மட்டும் எழுதலாம் என்று தோன்றியது.

விழுந்தது மார்ச் மாதம். அதற்கு முந்தின மாதம்தான் உன் உதவித்தொகை நின்றது. விழுந்த அன்றைக்கு நீ ஃபோன் செய்தபோது நான் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். காய்ச்சல் என்று அம்மாவைச் சொல்லச் சொன்னேன். பாவம், அவள் பொய் சொல்லிப் பழக்கம் இல்லாதவள், ஃபோனை வைத்துவிட்டு அழுதாள். நலவாரிய ஆபீஸில் எழுதிக் கொடுத்தால் ஒரு சிறு தொகை தந்து கார்டை வாங்கிக்கொள்வார்கள். எனக்கு மகன் இல்லை, மருமகன் இல்லை. அம்மா இருக்கிறாள், நீ இருக்கிறாய். பிச்சைக்கனி அப்போது ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். இதில் அவனுக்கு அங்கே கிடைத்ததைவிடக் கூடுதல். அப்படிச் சொல்லித்தான் என்னை நான் சமாதானம் செய்துகொண்டேன். எல்லா முதலாளியும் இப்படித்தான் சொல்வான் என்று நீ எழுதுவாய். எழுதாதே, எனக்கே தெரியும்.

"மொதலாளி" என்று கூப்பிடாதடே என்று அவனிடம் நூறு தடவை சொல்லியாயிற்று. "வேற எப்படிக் கூப்பிட?" என்று கேட்கிறான்.

உன் பதினொன்றாவது கேள்வியை முதலில் விட்டுவிட்டேன். பொய் எழுத மனது வரவில்லை. நீ விடவில்லை. அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் அவன் பங்கு கொடுக்க வந்தபோது சும்மா கேட்டேன். நேற்று எத்தனைடே என்று. அவன் உட்கார்ந்து அரை மணி நேரம் சொன்னான். அதுவரை நான் அவனிடம் பணத்தைத் தவிர வேறு ஒன்றும் கேட்டதில்லை. அதன் பிறகு தினமும் கேட்டேன். உனக்காக என்றுதான் கேட்க ஆரம்பித்தேன். பிறகு எனக்காகவும் கேட்டேன் என்று நினைக்கிறேன். எண்பத்தேழு அடி எனக்கும் தெரியும், பதினாறு வருடம் நடந்திருக்கிறேன். ஆனால் நான் எண்ணினதில்லை.

நீ அக்டோபரில் எழுதின பக்கத்தை பைபிளுக்குள் வைத்திருக்கிறேன். எழுதியது சரி. அதில் ஒரு வரிகூட மாற்ற வேண்டாம்.

அத்தியாயத்தில் இதை எழுதுவாயா என்பது உன் இஷ்டம். எழுதினால் கார்டு போகும், அவன் வேலையும் போகும். அதையும் யோசித்துக்கொள். அவனிடம் நான் ஒரு வாக்குச் சொல்லியிருக்கிறேன். அது எங்களுக்குள் இருக்கட்டும்.

அம்மா உன் குரலைக் கேட்கவேண்டும் என்கிறாள். என்னிடம் பேச வேண்டாம், அவளிடம் பேசு.

ரெஜி

•

ஹைதராபாத்
16 மார்ச் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நேற்று அம்மாவிடம் பேசினேன். நீ பக்கத்தில் இருந்து மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அடுத்த தடவை "சுகம், சாப்பிட்டாச்சு" என்றாவது சொல்.

முடிவு செய்துவிட்டேன். நான்காம் அத்தியாயத்தை எடுத்துவிட்டேன். உன் கடிதங்களும் பதினொன்றாம் கேள்வியின் காகிதங்களும் பிச்சைக்கனியின் பதிவும் ஆய்வில் வராது. தோள் இல்லாமல் கார்டு சம்பாதிக்காது என்று எழுதியவள் நான். அது பொய் என்று எனக்குத் தெரிந்த பிறகு அந்த வரியை வைத்திருக்க முடியாது. உண்மையை எழுதினாலோ இரண்டு பேருடைய அடுப்பு அணையும். அடுத்தவர் வலியை எடுத்து என் பெயரில் அச்சடித்தால், நான் உனக்குப் பாடம் எடுத்தேனே, அந்தப் பாடம் எனக்கும்தான்.

கைடிடம் காரணம் சொல்லவில்லை. தரவு சரியில்லை என்றேன். வேறு அத்தியாயம் எழுத ஒரு வருடம் கூடுதல் கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். இனி அவசரம் இல்லை. எனக்குப் பணம் அனுப்பாதே, இங்கே இரண்டு ட்யூஷன் பிடித்திருக்கிறேன். வேலை என்பது ஒரு வருடம் தள்ளிப்போகும், அதுவரை வீட்டை மட்டும் நீ பார்த்துக்கொள். உண்மையைச் சொன்னால் பல மாதங்களுக்குப் பிறகு மனது லேசாக இருக்கிறது.

இதற்குள் பிச்சைக்கனிக்கு ஒரு தனிக் காகிதம் இருக்கிறது. மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். அவர் சொன்னது எதையும் பயன்படுத்த மாட்டேன் என்றும், ஒரு வருடம் எடுத்துப் புதிதாக எழுதுகிறேன் என்றும் சொல்லியிருக்கிறேன். படித்துக் காட்டாதே. அவர் கையில் கொடு. அவருக்குப் படிக்கத் தெரியும் என்று அஸ்வதி சொன்னாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். குனியாதே.

உன் தங்கை,
ஷைலு

•

சாலை, திருவனந்தபுரம்
6 ஏப்ரல் 2025

மரியாதைக்குரிய டீச்சருக்கு,

பிச்சைக்கனி எழுதுவது. நானும் ஊரில் என் வீட்டுக்காரி சுடலைமாடத்தியும் பிள்ளைகளும் உங்கள் புண்ணியத்தில் நலம். நீங்கள் நலமா இருக்க எங்கள் சாமியை வேண்டிக்கொள்கிறேன்.

உங்கள் காகிதம் மொதலாளி என் கையில் தந்தாங்க. அவங்க படிக்கவில்லை. நான் நாலு தடவை படித்தேன். நீங்க எதுக்கு என்கிட்ட மன்னிப்பு கேக்கணும்னு எனக்கு விளங்கல. நான் சொன்னதை நீங்க எழுதுவீங்கன்னு நினைச்சுத்தான் சந்தோசமாச் சொன்னேன். எங்க ஊர்ல என் குதிங்காலப் பத்தி ஒருத்தரும் கேட்டதில்லை, நீங்கதான் கேட்டீங்க. பேரை மாத்திப் போட்டிருந்தா ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது. வேண்டாம்னு எடுத்துட்டீங்க. அது கொஞ்சம் வருத்தந்தான். பரவாயில்லை.

ஒரு வருசம் கூடும்னு எழுதியிருக்கீங்க. அதுதான் கேக்கணும். தப்பா நினைக்கக் கூடாது. மொதலாளி எனக்கு ஒரு வாக்கு குடுத்திருக்காங்க. தங்கச்சி படிப்பு மார்ச்சில முடியும், வேலைக்குப் போயிட்டா வீட்டை அது பாத்துக்கும், அதுக்குப் பொறகு பாதி வாங்கமாட்டேன், முழுசும் உனக்குத்தான்னு சொன்னாங்க. அதை நம்பி ஊர்ல மூத்தவ இசக்கிய இந்த வருசம் நல்ல பள்ளிக்கூடத்துல சேக்கணும்னு வீட்டுக்காரிகிட்ட சொல்லிட்டேன். மொதலாளிகிட்ட கேட்டா முகம் வாடிப்போயிருது. அதனால உங்ககிட்ட கேக்கேன்.

நீங்க எங்ககிட்ட முப்பது கேள்வி கேட்டீங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். அந்த ஒரு வருசத்த கொஞ்சம் குறைக்க முடியுமா? உங்களுக்கு வேணும்னா தெனமும் எத்தனை மூட்டைன்னு நானே எழுதி அனுப்புதேன். நேத்து முப்பத்தெட்டு, அரிசி லோடு. வலி அதே குதிங்கால்தான்.

எழுத்து கோணல்மாணலா இருக்கும், மன்னிக்கணும். இப்பதான் லோடு எறக்கிட்டு வாரேன், கை ஆடுது.

இப்படிக்கு,
பி. பிச்சைக்கனி